ஒயர் எட்டும் தூரம்

கல்யாணிக்கு மாம்பழம் என்றால் உயிர். நறுக்கித் தட்டில் அடுக்கித் தின்பதெல்லாம் அவளுக்குச் சரிப்படாது. சாறு முழங்கை வரை வழிய வேண்டும், கொட்டை வெளுக்கும் வரை சப்ப வேண்டும். அப்படிப்பட்டவள் போன வைகாசியில் புதுப்பட்டினம் கடைத்தெருவில் பழவண்டியைக் கண்டதும் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு எதிர்ச்சாரிக்குப் போய்விட்டாள். கூட வந்த பக்கத்து வீட்டுத் தமிழ்ச்செல்விக்கு ஒன்றும் புரியவில்லை.

"இன்னாக்கா, பழம் அழுகிப் பூச்சா?"

"பழம் நல்லாத்தான் கீது. என் மூக்குதான் அழுகிப் பூச்சு."

தமிழ்ச்செல்வி சிரித்தாள். கல்யாணி சிரிக்கவில்லை. அவள் மூக்குக்கு வந்த கேட்டுக்குக் காரணம் வீட்டுக்குள்ளேயே, கணினி அறையில், பிளாஸ்டிக் முக்காலியில் உட்கார்ந்திருந்தது. அவள் வீட்டுக்காரர் கோபாலகிருஷ்ணன்.

கும்பகோணம் பக்கத்திலிருந்து கல்பாக்கத்துக்கு மத்திய அரசு வேலைக்கு வந்தவர் அவர். டெக்னீஷியன். மீட்டர், வால்வு, ஒயர் இவற்றோடு பழகிப் பழகி, மனிதர்களிடமும் ஏதோ ஒரு பித்தானைத் தேடுகிற பார்வை அவருக்கு வந்திருந்தது. கெட்டவர் இல்லை. குடித்ததில்லை, கை நீட்டியதில்லை. அவரைப் பற்றி நல்லதாகச் சொல்ல வேண்டுமானால் இப்படி இல்லாதவற்றைத்தான் வரிசையாகச் சொல்ல முடியும். இருந்த ஒன்று சிகரெட்.

கல்யாணி செய்யூர்ப் பக்கத்துக்காரி. மதுராந்தகத்துக்குப் பஸ்ஸில் போய்த் தட்டச்சு படித்து, தமிழிலும் ஆங்கிலத்திலும் ஹையர் முடித்தவள். கல்யாணமாகிக் குவார்ட்டர்ஸுக்கு வந்ததும் வேலைக்குப் போகும் யோசனையைப் பெட்டிக்குள் வைத்துவிட்டு, வீட்டிலேயே மனு, தீர்மானம், கல்யாணப் பத்திரிகை என்று அடித்துக் கொடுத்தாள். இயந்திரம் போய்க் கணினி வந்தது. அவர் ஓய்வுபெற்றுக் குவார்ட்டர்ஸைக் காலி செய்து, புதுப்பட்டினத்தில் கட்டிய வீட்டுக்கு வந்தபோது, பின்பக்கத்து அறையைத் தனக்கென்று கேட்டு வாங்கினாள். ஒரு மேசை, ஒரு கணினி, ஒரு பீரோ, ஒரு கட்டில், கடல் காற்று வரும் ஜன்னல். வாழ்க்கையில் அவள் வாய்விட்டுக் கேட்டு வாங்கியது அந்த அறை ஒன்றைத்தான்.

ஒரே மகள் ஹரிப்ரியா. அவள் பிறந்தபோது கல்யாணிக்குத் தாய் இல்லை. பிரசவத்துக்கு அழைத்துப் போக ஒரு வீடு இல்லை. மருத்துவமனையிலிருந்து நேராகக் குவார்ட்டர்ஸுக்கே வந்தாள். பச்சை உடம்போடு தானே எழுந்து தனக்குக் கஞ்சி வைத்துக்கொண்டாள். பால்கனியில் அவர் புகைத்துக்கொண்டிருந்தார். உள்ளே குழந்தை தும்மியது. பிறகு அந்தக் குழந்தைக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்து, பள்ளிக்கூடம் போகிற வயசு வரை மூக்கில் முகமூடி வைத்து மருந்து ஏற்ற வேண்டியிருந்தது. புகையால்தான் என்று எந்த மருத்துவரும் எழுதிக் கொடுக்கவில்லை. எழுதிக் கொடுக்காத எதையும் கோபாலகிருஷ்ணன் ஒத்துக்கொண்டதும் இல்லை.

ஆகவே ஹரிப்ரியா உண்டாகியிருக்கிறாள் என்று ஃபோன் வந்தபோது கல்யாணிக்கு ஒரே ஒரு ஆசைதான் எழுந்தது. தனக்குக் கிடைக்காததை மகளுக்குக் கொடுக்க வேண்டும். தலைப்பிரசவம் தாய்வீட்டில். வளைகாப்பு முடிந்த கையோடு கூட்டி வந்து, அந்தக் கடல் காற்று அறையில் படுக்க வைத்து, கருவாடு வேண்டாம் என்றால் கருவாடு வேண்டாம், பூண்டுக் குழம்பு வேண்டும் என்றால் பூண்டுக் குழம்பு.

"வர்றேம்மா. ஆனா அப்பா சிகரெட்ட வுட்டாத்தான் வருவேன்," என்றாள் ஹரிப்ரியா. "எங்க ஆபீஸ்ல படிக்கட்டுப் பக்கம் போனாலே எனக்குக் குமட்டுது. பொறக்கறதுக்கும் என்னை மாதிரி இழுத்துச்சின்னா நான் தாங்க மாட்டேன்."

"வுட்டுட்டாருடி," என்றாள் கல்யாணி.

அப்போது அது பொய் இல்லை. அல்லது பொய் என்று அவளுக்குத் தோன்றவில்லை. கோபாலகிருஷ்ணன் அதற்குச் சில மாதங்களுக்கு முன்புதான் சிகரெட்டை விட்டிருந்தார். விட்டதற்குப் பதிலாக ஒரு கருவியைப் பிடித்திருந்தார். மாமல்லபுரத்தில், வெளிநாட்டுக்காரர்கள் தங்கும் தெருவில், சங்கு மாலைகளுக்குப் பின்னால் எதையோ ஒளித்து வைத்து விற்கிற ஒருவனிடம் வாங்கிய எலக்ட்ரானிக் சிகரெட். நாட்டில் தடை செய்த பொருள். பேனா போல இருக்கும். கீழ்ப்பாதி பேட்டரி, மேல்பாதி ஒரு சின்னக் குப்பி. குப்பிக்குள் மாம்பழ வாசனை போட்ட திரவம். பித்தானை அமுக்கினால் உள்ளே ஒரு கம்பி சூடாகித் திரவம் ஆவியாகும். அதை உறிஞ்சி ஊத வேண்டும்.

"இது புகை இல்லை கல்யாணி, ஆவி. இட்லிப் பானையில வருதே, அது மாதிரி," என்று விளக்கினார்.

"இட்லிப் பானைய யாரும் வாயில வெச்சிகினு உறிய மாட்டாங்க," என்றாள் அவள்.

ஒரு பழக்கத்தை விடுவது வேறு, அதன் பெயரை மாற்றுவது வேறு. மனிதர்களில் பெரும்பாலோர் பெயரை மாற்றியதும் களைத்துப்போய் உட்கார்ந்துவிடுகிறார்கள். மாற்றிய களைப்புக்கு மரியாதையும் எதிர்பார்க்கிறார்கள். கோபாலகிருஷ்ணனும் எதிர்பார்த்தார். "எவ்வளவு வருஷத்துப் பழக்கம், ஒரே நாள்ல தூக்கிப் போட்டேன்" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னார். சொல்லும்போது வாயிலிருந்து மாம்பழம் வந்தது.

பேட்டரி செத்ததோடு கதை முடிந்திருக்க வேண்டும். ஒருநாள் அதைச் சார்ஜில் போட்டுப் போட்டுப் பார்த்தார், ஏறவில்லை. கல்யாணி மனசுக்குள் மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டாள். இன்னொன்று வாங்கவும் அவர் போகவில்லை. புதிதாக வாங்கினால் தான் இன்னும் விடவில்லை என்று ஆகிவிடும் அல்லவா? இருக்கிற திரவம் தீருகிற வரைக்கும்தான் என்றார். ஆனால் குப்பி நிறைய திரவம் இருந்தது, சூடாக்க மின்சாரம் இல்லை. ஓய்வுபெற்ற டெக்னீஷியனின் கண் வீட்டைச் சுற்றி வந்து கல்யாணியின் கணினியில் நின்றது.

அவள் சந்தைக்குப் போய்த் திரும்பியபோது கணினிப் பெட்டியின் பக்கவாட்டுத் தகடு கழற்றிச் சுவரில் சாய்த்து வைத்திருந்தது. பெட்டிக்குள் மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் பாகத்துக்கு எஸ்.எம்.பி.எஸ். என்று பெயர். சாம்பல் நிறத் தகரப் பெட்டி, ஒரு மின்விசிறி, கொத்துக் கொத்தாகக் கலர் ஒயர்கள். அந்தக் கொத்தில் எதற்கும் மாட்டாமல் தொங்கிக்கொண்டிருந்த ஒன்றிலிருந்து, சிவப்பும் கறுப்புமாக இரண்டு ஒயர் வெளியே வந்து, மேசைக் காலைச் சுற்றி, கோபாலகிருஷ்ணன் கையிலிருந்த குப்பியின் அடியில் போய் முடிந்தது. பேட்டரியைத் தலைமுழுகிவிட்டு நேராகக் கணினியிலேயே ஒட்டுப் போட்டிருந்தார். ஒட்டு சுத்தமாக இருந்தது. அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். ஈயம் முத்து மாதிரி மின்னியது.

"சிவப்பு அஞ்சு வோல்ட். மஞ்சளைத் தொட்டா பன்னெண்டு, கம்பி பொசுங்கிடும்," என்றார் பாடம் நடத்துகிறவர் போல. பிறகு உறிஞ்சினார்.

அந்தச் சத்தம். கல்யாணி பிறகு எத்தனையோ தடவை அதை மறக்கப் பார்த்திருக்கிறாள். தேங்காய்த் தண்ணீர் தீர்ந்தபிறகும் ஸ்ட்ராவை விடாத பிள்ளை போடுகிற சத்தம், அதோடு எண்ணெயில் கடுகு வெடிப்பதுபோல் உள்ளே ஒரு படபடப்பு. பிறகு கன்னம் குழிந்து, கண் சொருகி, மூக்கு வழியாக வெள்ளைப் படலம் இறங்கி, மேசை மேலிருந்த யாரோ ஒருவரின் கல்யாணப் பத்திரிகை நகல் மேல் படிந்தது.

"இன்னாங்க இது கர்மம்!"

"கத்தாத. இதுல ஒரு நல்லது இருக்கு பாரு. கையில எடுத்துக்கிட்டு எங்கேயும் போக முடியாது. ஒயர் எட்டற தூரம்தான். தானா கன்ட்ரோல் ஆயிடும்."

தன்னைக் கட்டிய சங்கிலியைத் தானே அளந்து வெட்டியவன் அதைச் சங்கிலி என்று சொல்வதில்லை, ஒழுக்கம் என்கிறான். உலகத்தில் பாதி ஒழுக்கம் இப்படி வந்ததுதானோ என்னவோ. கல்யாணிக்கு அப்படியெல்லாம் சொல்லத் தெரியாது. அவளுக்குத் தெரிந்தது ஒன்றுதான்: கணினி ஓடினால்தான் அந்த ஒயரில் மின்சாரம் வரும். ஆகவே அவள் அடிக்க உட்கார்ந்த நேரமெல்லாம் அவர் வந்து முக்காலியில் உட்கார்ந்தார். அவள் அடிக்காத நேரத்திலும் கணினியைப் போட்டுவிட்டு உட்கார்ந்தார். அவளுடைய அறையில், அவளுடைய காதுக்குப் பக்கத்தில், நாள் முழுக்க அந்த உறிஞ்சல். அவர் கொஞ்சம் நீளமாக இழுத்தால் திரை ஒரு சிமிட்டுச் சிமிட்டி, கணினி அணைந்து மறுபடி எழுந்திருக்கும். அடித்த பக்கம் போய்விடும்.

"ஏங்க! செங்கல்பட்டு வக்கீலு ஊட்டு மனு, மொத்தமும் பூச்சு!"

"அப்பப்ப சேவ் பண்ணணும்னு உனக்கு எத்தனை தரம் சொல்றது?" என்றார் அவர், ஊதியபடி.

ஒருநாள் கத்தரிக்கோலால் ஒயரை வெட்டினாள். அவர் கோபப்படவில்லை. முன்னைவிடச் சுத்தமாக ஒட்டிக்கொண்டார். இன்னொரு நாள் விளக்குக்குத் திரி திரிக்கப் பஞ்சை எடுக்கப் போனாள், பஞ்சுச் சுருள் பாதியாகியிருந்தது. குப்பிக்குள் இருக்கும் கம்பியைச் சுற்றிப் பஞ்சு வைத்தால்தான் திரவம் ஊறுமாம். அது கருகக் கருக மாற்ற வேண்டுமாம். சாமி விளக்குப் பஞ்சைத்தான் அவர் எடுத்து எடுத்துத் திணித்துக்கொண்டிருந்தார். கருகிய பஞ்சை ஜன்னல் திட்டில் வரிசையாக வைத்திருந்தார். பல் பிடுங்கிய இடத்தில் வைத்து எடுத்த பஞ்சு மாதிரி, பழுப்பும் ஈரமுமாக. கம்பியை ஊறவைத்துக் கழுவியது அவள் காப்பி குடிக்கும் டம்ளரில். கல்யாணி அந்த டம்ளரைக் குப்பைத் தொட்டியில் போட்டாள். பிறகு கொல்லைப்புறம் போய் வாந்தி எடுத்தாள்.

ஒவ்வொரு வாரமும் ஹரிப்ரியா ஃபோனில் கேட்பாள்.

"அப்பா எப்படிம்மா கீறாரு? தொடறதில்லையே?"

"சிகரெட்ட தொடறதே இல்லடி."

இது பொய் இல்லை என்று கல்யாணி தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சிகரெட்டைத் தொடவில்லைதான். ஒரு வார்த்தைக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிற வித்தையைத் தன் வீட்டுக்காரரிடமிருந்துதான் கற்றுக்கொண்டிருக்கிறோம் என்பது அவளுக்குத் தெரியாமல் இல்லை. ஆவி, புகை இல்லை. சிகரெட் இல்லை, குப்பி. ஃபோனை வைத்தபிறகு வாயைக் கொப்பளிக்க வேண்டும்போல் இருக்கும். ஆனாலும் வளைகாப்பு நெருங்க நெருங்க அவர் விட்டுவிடுவார், மகள் வருவதற்குள் எல்லாம் சரியாகிவிடும் என்று ஒரு நம்பிக்கை. அந்த நம்பிக்கைக்கு ஆதாரம் ஏதும் இல்லை. திரவம் தீரவில்லை. தீரும்போதெல்லாம் அவர் மாமல்லபுரத்துக்குக் காற்று வாங்கப் போய்வந்தார்.

தை பிறந்ததும் கணினி செத்தது. பித்தானை அமுக்கினால் ஒரு முனகல்கூட இல்லை. கல்யாணி அதை ஸ்கூட்டியில் கால் வைக்கும் இடத்தில் நிறுத்தி, கடைத்தெருவில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கும் அமீரிடம் கொண்டுபோனாள். பல வருஷப் பழக்கம். அவன் மூடியைக் கழற்றினான். கழற்றியவன் ஒரு அடி பின்னால் போனான்.

"இன்னாக்கா, உள்ள பாயசம் ஊத்துனீங்களா?"

கல்யாணி எட்டிப் பார்த்தாள். விசிறி இறக்கைகளில், பச்சைப் பலகையில், ஒயர்க் கொத்துகளில், எல்லாவற்றின் மேலும் ஒரு பிசுபிசுப்பு. வெல்லப்பாகு ஆறினால் வருமே, அந்தப் பழுப்பு. விசிறி உள்ளே இழுத்த ஆவியெல்லாம் அங்கே போய்ப் படிந்து, தூசியைப் பிடித்து, தோலாக ஆகியிருந்தது. அந்தத் தோலின் மேல் சித்தெறும்பு. சாரி சாரியாக. எஸ்.எம்.பி.எஸ். தகரத்தை அவன் திறந்தபோது உள்ளே எறும்புகள் மொத்தமாகக் கருகி, ஒரு கைப்பிடி கடுகு கொட்டினாற்போல் அப்பியிருந்தன. அவற்றின் மேல் உயிரோடு வேறு எறும்புகள், முட்டையைத் தூக்கிக்கொண்டு.

"அல்லாவே," என்றான் அமீர். "பேஜாரா கீதேக்கா. இன்னா வாசனை இது? மாங்கா ஜூஸா?"

 சொல்வதற்கு வாயைத் திறந்தால் அந்த வாசனை உள்ளே போய்விடும் என்று பயந்தவள்போலக் கல்யாணி உதட்டை இறுக்கிக்கொண்டு நின்றாள். அவள் நினைப்பெல்லாம் ஒன்றுதான். தகரத்துக்குள்ளேயே இவ்வளவு போயிருக்கிறது. அதே அறையில், அதே காற்றில் நான் உட்கார்ந்திருக்கிறேன். அதே கட்டிலில் நாளைக்கு என் பெண் படுக்கப் போகிறாள்.

வீட்டுக்கு வந்ததும் நேராகச் சொன்னாள். "கம்ப்யூட்டரு செத்துப் பூச்சு. உங்களால. வளைகாப்புக்குள்ள இத்தோட நிறுத்துங்க. பொண்ணு வர்றா."

"நிறுத்திட்டேன்," என்றார் அவர். முகத்தில் ஒரு குழப்பமும் இல்லை. "கரன்ட்டே இல்லையே, எப்படிப் பிடிக்கறது?"

அறையைக் கழுவினாள். சுவரைச் சோப்புத் தண்ணீர் விட்டுத் தேய்த்தாள். துணி பழுப்பாக வந்தது. திரைச்சீலையைத் துவைத்தாள், தலையணை உறையைக் கொளுத்தினாள். ஜன்னலை இரவு பகல் திறந்து வைத்தாள். கொஞ்ச நாளில் வாசனை போய்விட்டது என்று தோன்றியது. ஒரு நாள் மத்தியானம் தோட்டத்திலிருந்து உள்ளே வந்தவள் அந்தச் சத்தத்தைக் கேட்டாள். உறிஞ்சல். படபடப்பு.

கட்டிலுக்கு அந்தப் பக்கம் தரையில் உட்கார்ந்திருந்தார். கணினியே இல்லை. எங்கேயோ பழைய இரும்புக் கடையில் பிடித்து வந்த ஒரு எஸ்.எம்.பி.எஸ். மட்டும் தனியாகத் தரையில் கிடந்து விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அதன் பச்சை ஒயரையும் கறுப்பு ஒயரையும் சேர்த்து ஒரு துண்டுக் கம்பி சொருகியிருந்தார். அப்படிச் செய்தால் கணினி இல்லாமலேயே அது ஓடுமாம். அந்தக் கம்பி கல்யாணியின் கொண்டை ஊசி.

"உன் மெஷினைத் தொடல பாரு," என்றார்.

 அருவருப்பு ஒரு அளவைத் தாண்டினால் கோபம் வருவதில்லை. கரப்பான் பூச்சியோடு யாரும் வாதாடுவதில்லை. வளைகாப்புக்கு இரண்டே நாள் இருந்தது. மகளைக் கூட்டிவருகிறேன் என்று உறவுக்கெல்லாம் சொல்லியாயிற்று. தமிழ்ச்செல்வி அறை வாசலில் மாவிலை கட்டித் தருவதாகச் சொல்லியிருந்தாள். அவரைக் கூடத்துக்கு மாற்றிவிடலாம், மாடிக்கு மாற்றிவிடலாம், எப்படியாவது சமாளிக்கலாம் என்று கல்யாணியின் மனசு கணக்குப் போட்டது. அப்படிப் போட்ட மனசைத்தான் அவள் பிறகு மன்னிக்கவில்லை.

செங்கல்பட்டில், கொளவாய் ஏரிக்கு இந்தப் பக்கம், மாப்பிள்ளை அபிஷேக்கின் வீடு. வேனில் போய் இறங்கினார்கள். வேன் நின்றதும் கோபாலகிருஷ்ணன் இதோ வந்துவிடுகிறேன் என்று தெருமுனைக்குப் போனார். ஒயர் எட்டாத ஊரில் என்ன செய்வார் என்று கல்யாணி யோசித்ததே இல்லை. தெருமுனையில் பெட்டிக்கடை இருந்தது.

ஹரிப்ரியா மணையில் உட்கார்ந்திருந்தாள். கன்னத்தில் சந்தனம், கழுத்து நிறைய மாலை, முகம் பூரித்துப் போயிருந்தது. பெண்கள் ஒவ்வொருவராகச் சந்தனம் தடவி, குங்குமம் வைத்து, வளையல் போட்டார்கள். தாயின் முறை வந்தது. கல்யாணி கூறைப் புடவை கட்டியிருந்தாள். குனிந்து மகளின் கையை எடுத்தாள்.

"இன்னா சம்பந்தி," என்றாள் அபிஷேக்கின் அம்மா சங்கரி, மூக்கை உறிஞ்சி. "மாம்பழ வாசனையா கீது? மாசி மாசத்துல பழம் எங்க கெடச்சிது உங்களுக்கு?"

புடவை. பீரோ அந்த அறையில்தான் இருந்தது. சுவரைக் கழுவியவள் பீரோவுக்குள் இருந்ததைக் கழுவவில்லை. பட்டு மடிப்பு மடிப்பாக அதைக் குடித்து வைத்திருந்தது.

ஹரிப்ரியா முகத்தைச் சட்டென்று திருப்பிக்கொண்டாள்.  குமட்டலை விழுங்கிவிட்டு அம்மாவைப் பார்த்தாள். அவள் ஆபீஸ் படிக்கட்டில் இளவட்டங்கள் பிடிக்கிற கருவியிலும் இதே வாசனைதான்.

"அம்மா. அப்பா வுட்டுட்டாரா இல்லையா?"

"இன்னாடி இது, மணையில உக்காந்துகினு..." என்றாள் பெரியம்மா முறையில் வந்திருந்த ராஜம்.

"இரு பெரீம்மா. அம்மா, யாரு இன்னா சொன்னாலும் எனக்கு வேணாம். நீ சொல்லு. நீ சொன்னா நம்புறேன்."

சிகரெட்டைத் தொடுவதில்லை என்று சொல்லலாம். வாயில் தயாராக இருந்தது. பல மாதமாகப் பழகிய வாசகம், தடங்கலில்லாமல் வந்துவிடும். ஆனால் கண்ணாடி வளையல் மகளின் விரல் முட்டியைத் தாண்டாமல் நின்றது. அதைத் தள்ளிக்கொண்டே பொய் சொல்ல வேண்டும். நம்புறேன் என்ற அந்த வார்த்தையைக் கேட்டபோது கல்யாணிக்குத் தன் மேலேயே அந்தப் பிசுபிசுப்பு படிந்திருப்பதுபோல் இருந்தது, சந்தனம் அப்பிய கையில், கழுத்தில், நாக்கில். அவர் உறிஞ்சினார், நான் ஊதிக்கொண்டிருக்கிறேன்.

"இல்லடி," என்றாள். "வுடல. அந்த ரூம்லயேதான் புடிக்கிறாரு. முந்தாநேத்துகூட."

வளையல் உள்ளே போனது. 

"எத்தினி மாசமா?"

"நீ கேக்கறதுக்கு முன்னாலேர்ந்து."

ஹரிப்ரியா அழவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு கையிலிருந்த வளையல்களைப் பார்த்தாள். அந்த நேரம் பார்த்துக் கோபாலகிருஷ்ணன் உள்ளே வந்தார். கிராம்பு மென்றுகொண்டிருந்தார். கிராம்புக்குப் பின்னால் அசல் சிகரெட் நாற்றம். "என்ன, ஆரத்தி எடுத்தாச்சா?" என்றார் சிரித்தபடி. ஒவ்வொரு முகமாகப் பார்த்து, மகள் முகத்தில் நின்று, விஷயம் புரிந்து, கையை உயர்த்தினார். "அது வந்தும்மா, அது புகை இல்ல. விஞ்ஞான ரீதியாப் பார்த்தா வெறும்..."

"வாய மூடுங்க," என்றாள் கல்யாணி. கல்யாணமான நாளிலிருந்து அவரிடம் அவள் சொல்லாத வார்த்தை. சத்தமாகக்கூடச் சொல்லவில்லை.

சங்கரிதான் முதலில் எழுந்தாள். நாக்கில் நயம் இல்லாதவள், ஆனால் நியாயம் இருந்தது. "தப்பா நெனச்சிக்காதீங்க சம்பந்தி. எம்மருமவள அந்த வூட்டுக்கு நான் அனுப்ப மாட்டேன்."

"அனுப்பாதீங்க," என்றாள் கல்யாணி.

ராஜம் பதறினாள். வளையல் போட்டபிறகு பெண் புகுந்த வீட்டில் இருக்கக் கூடாது, விளக்கு வைப்பதற்குள் தாய்வீட்டுக்குப் புறப்பட்டாக வேண்டும், அதுதான் முறை. இல்லாவிட்டால் ஊர் என்ன பேசும்? அவளே ஒரு வழியும் கண்டுபிடித்தாள். "ஒண்ணு செய்யலாம். இவள கூட்டிகினு தெருமுனை அம்மன் கோயில் வரைக்கும் போ. ஒரு சுத்து சுத்திட்டு இங்கியே வந்துடுங்க. கெளம்புனாப்லயும் ஆச்சு. நீ கூட வந்தீன்னா தாய் வூட்டுக்கு வந்தாப்லயும் ஆச்சு. அம்மா இருக்கற எடந்தானே அம்மா வூடு?"

நல்ல வார்த்தை. நாலு பெண்கள் தலையாட்டினார்கள், ஒருத்திக்குக் கண் கலங்கிவிட்டது. கல்யாணி தலையாட்டவில்லை. கோயிலைச் சுற்றி வந்தால் புதுப்பட்டினம் ஆகிவிடுமா? புகையை ஆவி என்று சொன்னதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

"வேணாம் ராஜமக்கா," என்றாள். "வரலன்னா வரலதான். என் பொண்ண என்னால வூட்டுக்கு இட்டுகினு போவ முடியல. கேக்கறவங்களுக்கு அப்படியே சொல்லு. சம்பந்தி, நான் இங்க வந்து இருக்கலாமா? பொறக்கற வரைக்கும்?"

மகளைக் கொடுத்த வீட்டில் தாய் போய்த் தங்குவது கௌரவம் இல்லை. அதைக் கேட்பது அதைவிடக் கீழ். சங்கரி அவளை மேலும் கீழுமாகப் பார்த்தாள்.

"இருங்க. ஆனா மொதல்ல அந்தப் பொடவைய அவுத்துப் போட்டு என்னுது ஒண்ணு கட்டுங்க. எனக்கே தலைய சுத்துது."

 ஹரிப்ரியா அம்மாவை மன்னித்ததாகக் காட்டவில்லை. ஆரத்தித் தண்ணீரை வாசலில் கொட்டிவிட்டு வந்தவர்களுக்கு வழிவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உள்ளறைக்குப் போனாள். கதவைச் சாத்தவில்லை. அவ்வளவுதான் அன்றைக்குக் கிடைத்தது.

கலந்த சாதமெல்லாம் பரிமாறி முடிந்து, சாயங்காலம் வேன் புறப்பட்டது. கோபாலகிருஷ்ணன் ஏறாமல் படியில் ஒரு கால் வைத்து நின்றார். முகம் சிறுத்துப் போயிருந்தது. ஏதோ கேட்க விரும்பினார். மன்னிப்பாக இருக்கலாம் என்று கல்யாணி ஒரு கணம் நினைத்தாள்.

"எப்ப வருவ?" என்றார். பிறகு, "தோசைமாவு ஃப்ரிட்ஜ்ல இருக்கா?"

"கீது," என்றாள்.

வேன் போனது. சங்கரியின் நூல் புடவை அவளுக்குக் கொஞ்சம் குட்டை, கணுக்கால் தெரிந்தது. உள்ளறையிலிருந்து ஹரிப்ரியாவின் குரல் வந்தது. பேர் சொல்லிக் கூப்பிடவில்லை, அம்மா என்றும் சொல்லவில்லை. "யாராச்சும் கொஞ்சம் சுடுதண்ணி வெச்சித் தாங்களேன்" என்று பொதுவாகக் கேட்டது. சங்கரி முகம் கழுவப் போயிருந்தாள். கல்யாணி சமையலறைக்குள் போனாள். எந்த அலமாரியில் பாத்திரம், எந்தக் குழாயில் குடிதண்ணீர், அடுப்பு எந்தப் பக்கம் திருகினால் பற்றும் என்று ஒன்றும் தெரியவில்லை. ஒவ்வொரு கதவாகத் திறந்து பார்த்துக்கொண்டு வந்தாள்.